பின்கழுத்து விளக்கு

லிங்கதுரையின் பின்கழுத்தில் கனகாம்பர நிறத்தில் ஒரு பொட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேற்றும் எரிந்தது, முந்தாநாளும் எரிந்தது. அவன் குனிந்து உப்பை வாரும்போதெல்லாம் அது பூரணியின் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. விளக்கு அவன் கழுத்தில் எரிய, பூரணிக்கு வயிறு எரிந்தது. கட்டின பெண்டாட்டி நான் ஒருத்தி இதே பாத்தியில் நிற்கிறேன், இவருக்கு அவள் நிறம்தான் கிடைத்ததா என்று பலகையை உப்பில் ஓங்கிக் குத்தினாள். அடியிலிருந்த சேறு கலங்கி மேலே வந்தது.

"உப்புல மண்ணக் கலக்காதட்டி," என்றான் லிங்கதுரை, நிமிராமலேயே.

அந்த நிறம் சந்தனமாரியுடையது. வரப்புக்கு அந்தப் பக்கத்துப் பாத்தியில் தனியாக உப்பு வாருகிறவள். லிங்கதுரைக்குத் தாய்மாமன் மகள், முறைப்பெண். ஒரு காலத்தில் இவனுக்கு அவள்தான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சிருந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று அது நின்றுபோய், அவள் விளாத்திகுளம் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள். பூரணி இந்த வீட்டுக்கு வந்தாள். போனவள் போன இடத்தில் இருந்திருந்தால் வம்பில்லை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தூத்துக்குடிக்கே திரும்பி, இதே உப்பளத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். லிங்கதுரையை "அத்தான்" என்று கூப்பிடுவாள். முறை அதுதான், வேறு எப்படிக் கூப்பிடுவாள் என்று பூரணிக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் செருப்புக்குள் உப்புக்கல் புகுந்த மாதிரி இருக்கும்.

விளக்குக்கு முன்னால் சட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்டு அங்கேயே குடியிருக்கத் தொடங்கிய பிறகு, காற்றுச்சட்டை போடாமல் யாரும் அளத்தில் இறங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. முதுகில் இரண்டு சின்ன விசிறிகள், இடுப்பில் ஒரு பேட்டரி, நெஞ்சில் உடம்புச் சூட்டை அளக்கும் ஒரு வில்லை. இவ்வளவுதான் சட்டை. இதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டவள் பரீதா, காயல்பட்டினத்துப் பெண், இன்ஜினியர். உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, முதல் நாளே விளக்கிச் சொல்லிவிட்டாள்.

"உங்க உடம்புச் சூட்டை ஒவ்வொரு சட்டையும் அதோ அந்தக் கோபுரத்துக்குச் சொல்லணும். யாருக்காவது சூடு ஏறினா அங்க மணி அடிக்கும். ஆனா எல்லாரும் தனித்தனியா அவ்வளவு தூரம் கத்தினா மத்தியானத்துக்குள்ள பேட்டரி காலி, அப்புறம் விசிறி ஓடாது. அதனால பக்கத்துல இருக்கிற சட்டையெல்லாம் ஒரு குழுவாச் சேந்துக்கும். குழுவுக்கு ஒரு சட்டை தலை. மத்ததெல்லாம் அது காதுல மெதுவாச் சொன்னாப் போதும். அது எல்லாத்தையும் கூட்டி, ஒரே ஒரு தடவை கோபுரத்துக்குக் கத்தும்."

"அப்ப அந்தத் தலைக்காரிக்குத் தொண்ட வத்திரும்லா?" என்று கேட்டாள் கோமு. எதையும் சிரித்துக்கொண்டே குத்திக் கேட்கிறவள்.

வற்றும் என்று பரீதா ஒப்புக்கொண்டாள். தலையாக இருக்கிற ஒரு மணி நேரமும் அந்தச் சட்டையின் விசிறி ஒரு படி குறைந்துதான் ஓடும். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் சட்டைகள் தங்களுக்குள் பேசி, யாருக்குச் சார்ஜ் அதிகமோ அவரைத் தலையாக்கும். தலையாக இருந்தவருக்குச் சார்ஜ் இறங்கிவிடும், அடுத்த மணிக்கு வேறு ஆள். பாரம் ஒரே இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், எல்லார் விசிறியும் சாயங்காலம் வரை ஓடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

கடைசியாக விளக்கு. யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று கங்காணிக்குத் தெரிய வேண்டும். உப்பு வாருகிறவர்களின் முகத்தை யார் பார்த்தார்கள்? நாள் பூராவும் குனிந்தே நிற்கிறவர்கள், கண்ணுக்குத் தெரிவது பின்கழுத்துதான். ஆகவே காலரில், பின்கழுத்தில், ஒரு பொட்டு விளக்கு. ஆளுக்கொரு நிறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒருத்தி தலையாகும்போது அவள் குழுவிலுள்ள எல்லார் கழுத்திலும் அவள் நிறம் எரியும்.

பூரணி கிளிப்பச்சை கேட்டாள். லிங்கதுரை ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்றான், நீலம் போட்டார்கள். சந்தனமாரி முறை வந்ததும் மெல்லிய குரலில், "கனகாம்பரம்" என்றாள். பரீதா ஆரஞ்சு நிறத்தைக் காட்டினாள். இல்லை என்றாள். இன்னொன்றைக் காட்டினாள், அதுவும் இல்லை என்றாள். பரீதா பொறுமையாக நிறங்களைக் கலந்து கலந்து, கடைசியில் அவள் தலையசைக்கும் வரை விடவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்து நிறம் கேட்கிறாளே, யார் பார்ப்பதற்காக என்று பூரணிக்கு அன்றைக்கே மனதில் ஓடியது.

அதற்குப் பிறகு பார்த்தால், பாரம் சுற்றவே இல்லை. விடிந்து வேலை தொடங்கிய முதல் மணியிலிருந்து உச்சிப்பொழுது வரை அந்தப் பக்கத்துப் பாத்திகளில் முக்கால்வாசி நேரம் கனகாம்பரம்தான். ஒரு மணி யாராவது தலையாவார்கள், மறுபடி அவள். பத்துப் பன்னிரண்டு கழுத்தில் அந்த நிறம் எரிந்தது. பூரணி பார்த்தது ஒரு கழுத்தை மட்டும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் கோமு தூக்குவாளியைத் திறந்துகொண்டே சொன்னாள். "பூரணி, ஒம்மாப்பிள்ள யாரு வச்சுவிட்ட பூவோட சுத்துதாரு பாத்தியா? அது கெடக்கட்டும், ஒங்கழுத்துலயும் அவ நெறந்தான் எரியுது."

பூரணி கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள். தன் விளக்கு தனக்குத் தெரியாது என்பதையே அவள் அதுவரை யோசிக்கவில்லை.  வீட்டுக்குப் போனதும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். என்ன விளக்கு, யார் நிறம் என்று அவன் திருதிருவென்று விழித்தான். பாத்தியில் உப்பைப் பார்ப்பேனா, ஊரார் கழுத்தைப் பார்ப்பேனா என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். நடிப்பென்றால் இப்படி நடிக்க வேண்டும் என்று பூரணி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, சட்டைகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கொட்டகையில் பரீதாவைத் தனியாகப் பிடித்தாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரரு சட்ட எதுக்கு எப்பவும் அவ சட்டகூடயே போயிச் சேருது?"

பரீதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சட்டைக்கு ஆள் தெரியாதுக்கா. எந்தத் தலைக்கு ரொம்ப மெதுவாச் சொன்னா கேக்குமோ, அதுகூடச் சேரும். அப்பத்தான் மிச்சம்."

"நான் அவரு பக்கத்துலயே நிக்கேனே. எங்கிட்டச் சொன்னா இன்னும் மெதுவாச் சொல்லலாம்லா?"

"சொல்லலாம். ஆனா நீங்க தலையா வரவே மாட்டேங்கிறீங்களே. உங்க சார்ஜ் எப்பவும் கம்மி. விசிறியை விடிஞ்சதிலேருந்தே முழுசா ஓட்டுறீங்கல்ல?"

ஆமாம், ஓட்டுகிறாள். கொடுத்த விசிறியை ஓட்டாமல் கும்பிடவா முடியும்? ஆனால் அன்றைக்கு அவள் வரப்போரமாகவே வாரிக்கொண்டு, காதைத் தீட்டி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து பலகை உரசும் சத்தம் வந்தது. விசிறிச் சத்தம் வரவில்லை. சந்தனமாரியின் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது, நனைந்து இருண்டிருந்தது. வெயில் ஏறி மற்றவர்கள் இரண்டாம் படிக்குப் போன பிறகும் அவள் பொத்தானைத் தொடவில்லை.

அணைத்து வைத்திருக்கிறாள். சார்ஜை மிச்சம் பிடிக்கிறாள். மிச்சம் பிடித்துத் தலையாகிறாள், தலையாகி என் புருஷன் கழுத்தில் ஏறி உட்காருகிறாள். பூரணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெந்து சாகிற வெயிலில் ஒருத்தி விசிறியை அணைத்துவிட்டு நிற்கிறாள் என்றால் அதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அடுத்த நாள் விடியற்காலையில் பூரணி பாத்தியில் இறங்கியதும் தன் விசிறியை அணைத்தாள்.

முதல் மணி தாங்கிவிட்டது. இரண்டாவது மணியில் வேர்வை கண்ணில் இறங்கிக் கரித்தது. மூன்றாவது மணி பிறந்தபோது இடுப்பிலிருந்த பேட்டரி ஒருமுறை அதிர்ந்தது. தலையானவருக்கு மட்டும் வரும் அதிர்வு. பூரணி நிமிர்ந்து பார்த்தாள். லிங்கதுரையின் பின்கழுத்தில் கிளிப்பச்சை. கோமு கழுத்தில் கிளிப்பச்சை. வரப்புக்கு அந்தப் பக்கம், குனிந்திருந்த சந்தனமாரியின் கழுத்தில், கொண்டைக்குக் கீழே, அதே கிளிப்பச்சை. இந்தக் காட்சிக்கு எவ்வளவு வேர்த்தாலும் தகும் என்றிருந்தது அவளுக்கு. அன்று முழுக்கத் தலை வலித்தது. ஆனாலும் இரவு நன்றாகத் தூங்கினாள்.

சந்தனமாரி விடவில்லை. மறுநாள் கனகாம்பரம் திரும்பி வந்தது. வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு விசிறியைப் போடுகிறவள், இப்போது அதற்குப் பிறகும் போடவில்லை. பூரணியும் போடவில்லை. இரண்டு பேரும் வாய்விட்டு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளவும் இல்லை. ஒரு மணி பச்சை, ஒரு மணி கனகாம்பரம் என்று அந்தப் பன்னிரண்டு கழுத்தும் மாறி மாறி எரிந்தன. நடுவில் லிங்கதுரை விசிறியை முழுசாக ஓட்டிக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு, உப்பை வாரினான்.

மற்றவர்களுக்கு இது கொண்டாட்டமாக இருந்தது. தலைபாரம் தங்கள் பக்கம் வருவதே இல்லை, விசிறி சாயங்காலம் தாண்டியும் ஓடியது. கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கும் கொண்டாட்டம். இந்த அளத்தில் மட்டும் பேட்டரி இவ்வளவு மிஞ்சுகிறதே, அப்படியானால் பேட்டரி தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது என்று அங்கே யாரோ கணக்குப் போட்டார்கள். அடுத்த மாதம் எல்லோருக்கும் சின்ன பேட்டரி வந்தது. பரீதா மறுத்து எழுதிப் பார்த்தாள், நடக்கவில்லை. பிற்பகலில் கோமுவின் விசிறி நின்றுபோனது. கடைசிப் பாத்தியில் வாருகிற வயசாளிகள் அரை நாளிலேயே கரையேறி நிழல் தேடினார்கள். என்ன கேடு வந்தது இந்தச் சட்டைக்கு என்று எல்லோரும் திட்டினார்கள். கேடு என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பூரணிக்கு நெஞ்சு உறுத்தியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவள் நிறுத்தட்டும், நானும் நிறுத்துகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பக்கம் அவளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாளோ என்னவோ.

கத்திரி வெயில் நாள் அது. காற்று அசையவில்லை. சந்தனமாரியின் பேட்டரிக்கு இரவில் சார்ஜ் முழுசாக ஏறவில்லை போலும், காலையிலிருந்து தொடர்ந்து பூரணிதான் தலையாக இருந்தாள். பார்த்த இடமெல்லாம் பச்சை. லிங்கதுரை வாரிய உப்பைச் சுமந்துகொண்டு தட்டுமேட்டுக்குப் போயிருந்தான்.

வரப்புக்கு அந்தப் பக்கம் பலகைச் சத்தம் மாறியதைப் பூரணி கவனித்தாள். உப்பை வாரினால் நறநறவென்று வரும். இது சளசளவென்று வந்தது. எட்டிப் பார்த்தாள். சந்தனமாரி ஏற்கெனவே வாரி முடித்த இடத்தில் நின்று, வெறும் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தாள். இழுத்தாள், தள்ளினாள், மறுபடி இழுத்தாள். பலகையில் ஒரு கல் உப்பு இல்லை.

நடிக்கிறாள், என்றுதான் பூரணிக்கு முதலில் தோன்றியது. அவர் திரும்பி வருகிற நேரம் பார்த்து ஆரம்பிக்கிறாள், வந்ததும் மயங்கி விழுவாள், ஐயோ மாரி என்று இவர் ஓடுவார். நிஜமாகவே ஏதாவது என்றால் கோபுரத்தில் மணி அடித்திருக்காதா? பூரணி திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தாள். எல்லோரும் நலம் என்று அது நிம்மதியாக நின்றது. தன் பாத்திக்குத் திரும்பி இரண்டு முறை பலகையை இழுத்தாள்.

அப்புறம் ஏனோ மறுபடி பார்த்தாள். சந்தனமாரியின் பின்கழுத்தில் பச்சை விளக்கைச் சுற்றித் தோல் காய்ந்து கிடந்தது. வேர்வை இல்லை. இந்த வெயிலில், விசிறி இல்லாமல், ஒரு பொட்டு வேர்வை இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று உப்பளத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூரணி பலகையைப் போட்டுவிட்டு வரப்பைத் தாண்டினாள். முதுகில் கைவைத்தாள், தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. இடுப்பில் தடவி விசிறிப் பொத்தானைக் கண்டுபிடித்து முழுசாகத் திருப்பினாள். விசிறி ஓடியது. சந்தனமாரியின் கை மெதுவாகக் கீழே வந்து அதை அணைத்தது.

"வேண்டாம்க்கா," என்றாள், நாக்குக் குழற. "அடுத்த மணி... எனக்கு."

சொல்லிவிட்டு அப்படியே பூரணியின் மேல் சரிந்தாள்.

பூரணி போட்ட சத்தத்தில் அளமே நிமிர்ந்தது. குடிதண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினார்கள், கோமு சேலையை நனைத்து வீசினாள். தட்டுமேட்டிலிருந்து ஓடிவந்த லிங்கதுரை மாமன் மகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். பூரணி பின்னாலேயே ஓடினாள். ஓடும்போது, அந்த நிலையிலும், அவன் தோளில் அவள் தலை சாய்ந்திருந்தது கண்ணை உறுத்தியது. சே, நான் என்ன பிறவி என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியும் உறுத்தல் போகவில்லை.

ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போன பிறகு, கொட்டகைச் சுவரிலிருந்த திரையின் முன்னால் பரீதா சிலை மாதிரி நின்றிருந்தாள். பூரணி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"மணி ஏன் மேடம் அடிக்கல?"

"அடிக்காதுக்கா." பரீதா திரையிலிருந்த ஒற்றை எண்ணைக் காட்டினாள். "ஒவ்வொருத்தர் சூட்டையும் தனித்தனியா அனுப்பினா பேட்டரி தாங்காதுன்னு சொன்னாங்க. அதனால தலை எல்லாத்தையும் கூட்டி, சராசரியா ஒரே எண்ணா அனுப்பும். பதினோரு பேர் நல்லா இருந்து ஒருத்தர் வெந்துக்கிட்டிருந்தா, சராசரியில எல்லாரும் நல்லா இருக்கிற மாதிரிதான் வரும்."

"அப்ப அவ சூடு எங்க போச்சு?"

பரீதா பூரணியின் இடுப்பைப் பார்த்தாள். "உங்க சட்டைக்குத்தான் வந்துச்சு. காலையிலேருந்து உங்ககிட்டதான் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. உங்க சட்டைக்கு முழுசாத் தெரியும். கோபுரத்துக்குத்தான் தெரியல."

பூரணி இடுப்பிலிருந்த பேட்டரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சூட்டைக் காலையிலிருந்து நான்தான் சுமந்திருக்கிறேன், சுமந்துகொண்டே நடிக்கிறாள் என்று திரும்பிக்கொண்டேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

சந்தனமாரி பிழைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கிடத்தி மீட்டார்கள். சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, இனி வெயிலில் கவனமாக இருக்க வேண்டும் என்றார்கள். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் பூரணி தனியாகப் பார்க்கப் போனாள். இளநீரும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிப் போனாள். போகும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டுதான் போனாள்: கேட்டுவிட வேண்டும். கேட்காமல் இனித் தூக்கம் வராது.

 பூரணி பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

"நீ எதுக்கு விசிறிய அணச்ச?"

"நீங்க எதுக்குக்கா அணச்சீய?"

பூரணிக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. "ஒங்க அத்தானுக்காக. அவரு கழுத்துல ஒன் நெறம் எரியுறத எனக்குப் பாக்கப் பொறுக்கல."

சந்தனமாரி அவளை ஒரு நிமிஷம் விழித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விலா வலித்தது, பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தானுக்கா? அவுகளுக்குப் பின்னாடி கண்ணா இருக்கு? கழுத்துல வெளக்கு இருக்குறதாவது தெரியுமா அவுகளுக்கு?"

"தெரியாதுன்னுதான் சொன்னாரு. நான் நம்பல."

சிரிப்பு மெல்ல அடங்கியது. சந்தனமாரி பழத்தின் ஒரு சுளையைப் பிரித்தாள், தின்னவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"எங்க வீட்டுக்காரவுக போன பெறகு எந்தலையில ஒரு முழம் பூ ஏறினதில்லக்கா. விசேஷ வீட்டுல பூத்தட்டு வரும்லா, எனக்கு முன்னால உள்ளவகிட்ட நிக்கும், அப்புறம் எனக்கு அடுத்தவகிட்ட நிக்கும். நடுவுல நான் இருக்குறதே தட்டுக்குத் தெரியாது. கடல் ஊருக்குள்ள வந்தாச்சு, வெயில் கொல்லுது, என்னென்னமோ மாறிப்போச்சு. இது மட்டும் மாறல. சட்டைக்கு என்ன நெறம்னு அந்தப் பிள்ள கேட்டா, வாயில அதுதான் வந்துச்சு."

பூரணி அடுத்த பழத்தைக் கையில் எடுத்தாள்.

"மொத நாளு எதேச்சையா நான் தலையானேன். நிமுந்து பாக்கேன், சுத்தியும் பன்னெண்டு கழுத்து. கொண்டைக்குக் கீழ, சரியா பூ வைக்கிற எடத்துல, எல்லாருக்கும் கனகாம்பரம். ஒருத்தியும் வேண்டாங்கல. கோமு வச்சிருந்தா. நீங்களும் வச்சிருந்தீய. எல்லாருக்கும் நாந்தான் வச்சுவிட்டேன். அத ஒரு தடவ நிமுந்து பாத்துட்டுக் குனிஞ்சா, ஒரு மணி நேரம் வேல ஓடிரும். அதுக்குத்தான்க்கா." சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "ஒங்களுக்கு அந்த நெறம் நல்லா எடுப்பா இருந்துச்சு."

பூரணிக்கு, பன்னிரண்டு கழுத்தில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு இவ்வளவு நாள் வெந்திருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மிச்சப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள், இனி உரிக்க ஒன்றும் இல்லாத வரைக்கும்.

அளத்தில் நடந்ததை அவள் எல்லோரிடமும் சொன்னாள். கோமு முதலில் வாயில் வந்தபடி ஏசினாள், பிறகு கங்காணியிடம் போய்ப் பழைய பேட்டரி வரும் வரைக்கும் யாரும் பாத்தியில் இறங்க மாட்டோம் என்று அவளே உட்கார்ந்துவிட்டாள். அவளோடு எல்லோரும் உட்கார்ந்தார்கள். பரீதாவும் தன் பங்குக்கு, சராசரியோடு சேர்த்து, குழுவில் யாருக்குச் சூடு மிக அதிகமோ அதையும் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும் என்று விதியை மாற்றினாள். அதற்குப் பேட்டரி கூடச் செலவாகும், யாரைக் கேட்டு மாற்றினாய் என்று மேலே அவளைக் குடைந்தார்கள். வாராமல் கிடந்த உப்பு சில நாள் காய்ந்து இறுகிய பிறகு பழைய பேட்டரி திரும்பி வந்தது. விதியும் அப்படியே நின்றது.

சந்தனமாரி திரும்பி வருவதற்கு முந்தின நாள், அவள் சட்டை இனி ஒருபோதும் தலையாகாதபடி பரீதா பூட்டி வைத்தாள். டாக்டர் உத்தரவு. பூரணி கொட்டகைக்குப் போனாள்.

"என் நெறத்த மாத்தணும் மேடம்."

"என்ன நிறம்?"

பூரணி சொன்னாள். ஒரே நிறம் இரண்டு பேருக்கு இருக்கக்கூடாது, கங்காணி குழம்பிவிடுவார் என்றாள் பரீதா.

"அவதான் இனி தலையாக மாட்டால்லா. அவ நெறம் சும்மாத்தான கெடக்கும்?"

பரீதா பட்டியலில் சந்தனமாரியின் பெயரைத் தேடிப் பார்த்தாள். பிறகு மாற்றிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் பூரணி விசிறியை எல்லோரையும் போல முதல் படியில் ஓட்டிக்கொண்டுதான் இறங்கினாள். முறை வரும்போது வரட்டும் என்று வாரினாள். மணிகள் போயின. கோமு நிறம் எரிந்தது, யார் யார் நிறமோ எரிந்தது. வெயில் ஏறும் நேரத்தில் இடுப்பில் பேட்டரி அதிர்ந்தது. விசிறி ஒரு படி இறங்கியது.

பூரணி நிமிர்ந்து வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சந்தனமாரியும் நிமிர்ந்திருந்தாள். பலகையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு பாத்தியாக, ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன் நிறம் எப்படி எரிகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் பூரணியிடம் வந்து பார்வை நின்றது.

"ஒங்கழுத்துலயும் இருக்குட்டி," என்றாள் பூரணி. "நாந்தான் வச்சுவிட்டிருக்கேன்."

சந்தனமாரியின் கை மெல்ல மேலே போய்ப் பின்கழுத்தைத் தொட்டது. கொண்டைக்குக் கீழே அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு குனிந்து வார ஆரம்பித்தாள். உப்பு நறநறவென்று வந்தது.

லிங்கதுரை உப்பைச் சுமந்து கொட்டிவிட்டு வரப்பு வழியாகத் திரும்பி வந்தான். வந்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக, நின்று ஒரு கழுத்தைப் பார்த்தான்.

"ஏ மாரி, கழுத்துல என்னது, புதுசா? ஒனக்கு நல்லாத்தான் இருக்கு."

பூரணி கையை இடுப்புக்குக் கொண்டுபோய், விசிறியை ஒரு படி கூட்டி வைத்துக்கொண்டாள்.